வீதிக்குத் திரும்பிய வாத்தியங்கள்

அமெரிக்காவின் தெற்குக் கோடியில், மிஸிஸிப்பி நதி கடலில் கலப்பதற்குச் சுமார் 100 மைல் முன்னால், பெரிதாக வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். நதியின் அந்த வளைவை வைத்தே இதற்குப் 'பிறை நகரம்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. ஜாஸ் இசை பிறந்த ஊர் இதுதான். இந்த ஊரில் பிறந்த ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரை 2001-இல் விமான நிலையத்துக்கே சூட்டிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

என் பெண்ணின் பிரசவத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தேன். பேத்திக்கு நாலு மாதம் முடிந்ததும், 2022 ஏப்ரலில், மாப்பிள்ளை எங்களைக் காரில் இந்த ஊருக்கு அழைத்துப்போனார். 350 மைல் தூரம். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் நின்று நின்று போனதில் ஏழு மணி நேரம் பிடித்தது. அந்த வாரம் அங்கே பிரெஞ்சு குவார்ட்டர் விழா. நகரத்தின் பழைய பகுதிக்குத்தான் பிரெஞ்சு குவார்ட்டர் என்று பெயர். 1984-இல் தொடங்கிய இந்த விழாவில் உள்ளூர்க் கலைஞர்களுக்கே முதலிடம். சதுக்கங்களிலும் நதிக்கரையிலும் மேடை போட்டு, நாலு நாள் வாசிக்கிறார்கள். டிக்கெட் கிடையாது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்காமல் போய், அந்த ஏப்ரலில்தான் மறுபடி நடந்தது.

ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டல்களில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கேட்கிற சங்கீதம் என்று ஒரு எண்ணம் பலருக்கு. ஆனால் அதன் வேர் வெட்டவெளியில்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காங்கோ சதுக்கம் என்ற மைதானத்தில் கூடி, முரசு கொட்டி ஆடிப்பாட அனுமதி இருந்தது. அந்த இடம் இன்றும் ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில் உள்ள பூங்காவுக்குள் இருக்கிறது. பிற்பாடு பித்தளை வாத்தியக் கோஷ்டிகள் வந்தன. விழா, ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் வீதியில் வாசித்தன. எல்லாம் கலந்து 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜாஸ் உருவாயிற்று.

நம் நாகஸ்வரம் போல ட்ரம்பெட், ட்ராம்போன், டூபா எல்லாம் வீதியில் எடுபடுகிற வாத்தியங்கள். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, கற்பனை ஸ்வரம் போடுகிற மாதிரி, ஒருவர் மாற்றி ஒருவர் அந்த நிமிஷத்தில் தோன்றியபடி வாசிப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தால்தான் அது கூடி வரும்.

மூச்சே பகையானபோது

2020 பிப்ரவரி 25-ஆம் தேதி இங்கே மார்டி க்ரா திருவிழா. லட்சக்கணக்கானவர்கள் வீதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டே வாரத்தில், மார்ச் 9-ஆம் தேதி, லூசியானா மாநிலத்தின் முதல் கொரோனா நோயாளியைப் பற்றி அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் ஊரில் ஒரு கச்சேரி கிடையாது.

வீணை, வயலின் என்றால் வாயை மூடிக்கொண்டு வாசித்துவிடலாம். ஊதுகிற வாத்தியத்துக்கு என்ன செய்வது? அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்துத்தானே ஊதியாக வேண்டும்? நோய் பரவுவதும் அந்த மூச்சுக்காற்றில்தான். கொலராடோ, மேரிலண்ட் பல்கலைக்கழகங்களில் இதை அளந்து பார்த்தார்கள். வாத்தியத்தின் வாய்க்குத் துணி உறை போடுங்கள், ஆளுக்கு ஆறடி தள்ளி நில்லுங்கள், ட்ராம்போன்காரருக்கு ஒன்பது அடி விடுங்கள், முடிந்தால் வெளியில் போய் வாசியுங்கள் என்று சொன்னார்கள். வெளியில் காற்று அடித்துக்கொண்டு போவதால் கிருமி ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதில்லை. மூடிய அறைக்குள் அப்படியில்லை.

அந்தத் தொடக்க நாட்களிலேயே ஊருக்குப் பேரிடி விழுந்தது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, பியானோ வித்வான் எல்லிஸ் மார்சாலிஸ் தம் 85-ஆவது வயதில் கொரோனாவால் காலமானார். ஊரில் பாதி வித்வான்களுக்குக் குரு என்று சொல்லலாம். அவருடைய ஆறு பிள்ளைகளில் நாலு பேர் பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர்கள். இங்கே இசைக்கலைஞர் இறந்தால் மயானம்வரை மெதுவான தோத்திரப் பாட்டை வாசித்துக்கொண்டு போவதும், அடக்கம் முடிந்ததும் துள்ளலான பாட்டை எடுத்து, ஊரே குடையும் கைக்குட்டையும் ஆட்டி ஆடிக்கொண்டு திரும்புவதும் வழக்கம். குடும்பமும் கோஷ்டியும் முதல் வரிசை. பின்னால் சேருகிற ஊர் ஜனம் 'இரண்டாம் வரிசை'. பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற அந்த வசந்தகாலத்தில் அப்படியொரு ஊர்வலத்துக்கு வழியே இல்லை.

திண்ணைக் கச்சேரி

நாங்கள் தங்கியது ட்ரமே என்ற பழைய பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் ட்ராம்போன் வாசிக்கிறவர். என் பேத்தியைக் கண்டதும் அந்த அம்மாள் அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என் பெண் சொல்லச் சொல்ல, எனக்கும் அவளுக்கும் பேச்சு ஓடியது.

"முப்பது வருஷமா ராத்திரி அவர் சாப்பாட்டை மூடி வெச்சுட்டுப் படுக்கிறவ நான். 2020-லதான் தினமும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாரம் சந்தோஷமா இருந்தது. இரண்டாவது மாசம் அவர் சாப்பாடே குறைஞ்சு போச்சு" என்றாள்.

வாரத்தில் ஐந்து ராத்திரி இருந்த வரும்படி ஒரே நாளில் நின்றுவிட்டது. அவளுடைய மாமனார், அவரும் அந்தக் காலத்து வாத்தியக்காரர், மே மாதம் போய்விட்டார். வாத்தியமில்லாமல், எட்டுப் பேர் நின்று அடக்கம் செய்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குழந்தையை என் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் வந்தாள்.

ட்ராம்போன் வாசிக்கிறவருக்கு உதட்டில் பலம் வேண்டும். சில வாரம் விட்டாலே உதடு தளர்ந்துவிடும். அதனால் மாலை ஆறு மணிக்கு அவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது இவள்தான். எதிர்வீட்டுக்காரர் தம் திண்ணையில் டிரம்மை எடுத்துப் போட்டார். தெருவில் நடந்து போனவர்கள் தள்ளித் தள்ளி நின்று கேட்டார்கள். ஒரு சின்ன வாளியை நடைபாதையில் வைத்தார்கள். அதில் விழுந்த காசு பால், ரொட்டிக்கு ஆயிற்று. இவர்கள் மட்டுமல்ல, ஊர் முழுக்கப் பல வீடுகளில் இப்படித் திண்ணைக் கச்சேரி நடந்திருக்கிறது. நடக்காமல் போன விழாவுக்குப் பதிலாக, அதே நாட்களில் பழைய விழாக்களின் ஒலிப்பதிவை டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட். என்ற வானொலி நிலையம் ஒலிபரப்ப, ஜனங்கள் அவரவர் வாசலில் உட்கார்ந்து கேட்டார்களாம்.

திங்கட்கிழமைச் சமையல்

இந்த ஊர் இல்லத்தரசிகளுக்குத் திங்கட்கிழமை என்றால் சிவப்பு ராஜ்மாவும் சோறும். அந்தக் காலத்தில் திங்கட்கிழமைதான் துணி துவைக்கிற நாள். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டால், துவைத்து முடிப்பதற்குள் அது தானாக வெந்திருக்கும். ஆர்ம்ஸ்ட்ராங் கடிதம் எழுதினால்கூட இந்த ராஜ்மா சோற்றைச் சொல்லித்தான் கையெழுத்துப் போடுவாராம்!

இந்த ராஜ்மாவின் பெயரிலேயே ஒரு திருவிழாக் குழு உண்டு. உடுப்பெல்லாம் ராஜ்மா மணிகளை ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள். 2020 மார்ச்சில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வியாபாரம் படுத்துப்போன உணவு விடுதிகளில் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கினார்கள். வேலையில்லாமல் இருந்த இசைக்கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, அதை ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கொண்டுபோகச் சொன்னார்கள். பிற்பாடு, வெளியே வரமுடியாத வயதான கலைஞர்களுக்கு மளிகை வாங்கித் தரும் வேலையை இளைய கலைஞர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரே பணம் மூன்று வீட்டு அடுப்பை எரிய வைத்தது. அந்தக் குழுவை நடத்துகிறவரின் மனைவி அவசரச் சிகிச்சை டாக்டர் என்று கேட்டபோது, யோசனை எங்கே பிறந்திருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

சார்லி கேப்ரியல் என்ற முதியவரின் கதையும் அடுப்பங்கரையில்தான் நடக்கிறது. 1943-இல், 11 வயதில், அப்பாவுக்குப் பதிலாகக் கோஷ்டியில் வாசித்துத் தொழிலைத் தொடங்கியவர். பிரிசர்வேஷன் ஹால் என்ற புகழ்பெற்ற சிறு அரங்கின் மூத்த வித்வான். உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருந்த ஒரு தம்பியும் கொரோனாவில் போய்விடவே, மனம் வெறுத்து வாத்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டார். அரங்கை நடத்துகிறவரின் வீட்டுச் சமையலறைக்கு வந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர், அங்கேதான் ஒரு நாள் சாக்ஸஃபோனை மறுபடி கையில் எடுத்தார். அப்படிப் பிறந்த இசைத்தட்டு 2022 பிப்ரவரியில், அவருடைய 89 என்ற வயதையே பெயராகக் கொண்டு வெளிவந்தது.

மறுபடியும் வெட்டவெளி

திரும்பி வந்த பாதை நேர்ப்பாதையாக இல்லை. 2021 மார்டி க்ராவுக்கு ஊர்வலம் கிடையாது என்றதும், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் வீடுகளையே அலங்கார ரதமாக ஜோடித்து நிறுத்தினார்கள். ஜூன் மாதம் பிரிசர்வேஷன் ஹால் திறந்தது. ஆகஸ்டில் டெல்டா அலை வந்து, இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்திருந்த பெரிய விழாக்களை மறுபடி நிறுத்தியது. அந்த மாதம் 29-ஆம் தேதி ஐடா புயல் அடித்து ஊரே இருட்டில் மூழ்கியது. எல்லாம் தாண்டித்தான் 2022 ஏப்ரல் வந்தது.

சனிக்கிழமை பிற்பகல் நதிக்கரை மேடையில் எங்கள் வீட்டுக்காரருடைய கோஷ்டி. கப்பல் போகிறது, காற்று அடிக்கிறது, புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். முகக்கவசம் போட்டவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அந்த அம்மாள் எங்களோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

எல்லோரும் ட்ராம்போன் முன்னும் பின்னும் போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கண் மட்டும் கணவரின் தோளில் இருந்தது. 2021 ஜனவரியில், தடுப்பூசி கிடைப்பதற்கு முன், அவருக்கும் நோய் வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். "முன்னெல்லாம் இந்த நீளமான இடத்தை ஒரே மூச்சில ஊதுவார். இப்ப நடுவில ஒரு தடவை எடுக்கிறார். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று காதோடு சொன்னாள்.

அவருடைய முறை வந்தது. தோள் ஒரு தடவை உயர்ந்தது. நடுவில் இன்னொரு தடவை. நாதம் விட்டுப்போகவில்லை. கூட்டம் கையைத் தட்டியது. அவள் கைதட்டவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவள், அவர் ட்ராம்போனைக் கீழே இறக்கிய பிறகுதான் கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினாள். மாமனாருக்குக் கிடைக்காமல் போன ஊர்வலத்தை, தடை நீங்கிய பிறகு வாத்தியத்தோடு நடத்திவிட்டார்களாம். அன்றைக்கு ஆட்டிய கைக்குட்டை அது.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

பித்தளை வாத்தியத்துக்குப் பக்கத்தில் நின்றால் பெரியவர்களுக்கே காது அடைக்கும். "ஏண்டி, குழந்தைக்குக் காது வலிக்காதா?" என்று நான் கேட்டதற்கு, என் பெண் பையிலிருந்து குழந்தைகளுக்கென்றே செய்த காது மூடியை எடுத்து மாட்டினாள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, மரநிழலில் உட்காருங்கள். ஏப்ரல் கடைசியிலேயே வெயிலும் புழுக்கமும் உண்டு. பருத்தித் துணி, தொப்பி, தண்ணீர் அவசியம். தாய்ப்பால் குடிக்கிற சிசுவுக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தாய்தான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இருமலோ காய்ச்சலோ இருந்தால் கூட்டத்துக்குள் போகாதீர்கள். கொரோனா சொல்லிக்கொடுத்த பாடம் எந்தக் காலத்துக்கும் நல்லதுதானே!

சைவக்காரர்கள் ராஜ்மா சோறு வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமிசம் சேர்த்துத்தான் வேகவைக்கிறார்கள். காப்பிக்குக் கவலையே வேண்டாம். 1862-இலிருந்து இருக்கும் கஃபே டு மாண்டில் சிக்கரி கலந்த காப்பிதான். பால் விட்டு வாங்கி ஒரு வாய் குடித்ததும், நம் வீட்டு ஃபில்ட்டர் ஞாபகம் வந்துவிடும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். விழா மேடைகளைவிட, ராயல் வீதி மூலைகளில் நின்று வாசிக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. கிளாரினெட் கலைஞர் டோரீன் கெச்சன்ஸ், டூபா வாசிக்கும் கணவரோடும் டிரம் வாசிக்கும் மகளோடும் அந்த வீதியில் வாசித்தே உலகப் புகழ் பெற்றவர். இப்படிப்பட்ட கலைஞர்கள் காலடியில் ஒரு வாளியோ பெட்டியோ இருக்கும். 2020-இல் வீதியில் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தவை அவை. நின்று கேட்டீர்களானால் சும்மா நகர்ந்துவிடாதீர்கள். ஒரு டாலரோ ஐந்து டாலரோ போடுங்கள். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு ஒருத்தி காத்திருப்பாள்.