கேட்டால்தான் கிடைக்கும்

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சேலையூரில் எங்கள் இல்லத்தினுள்ளும் முழங்காலளவு நீர் புகுந்தது. கட்டில், பீரோ, பிழைப்புக்கு ஆதாரமான தையல் இயந்திரம் யாவும் பாழாயின. காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளரோ, "இது சுவர்க்கசிவு, வெள்ளமன்று" என்று எழுதிச் சென்றார். இழப்பீடு மறுக்கப்பட்டது.

நாங்கள் சோர்ந்துவிடவில்லை. சுவரில் நீர் நின்ற கோட்டின் புகைப்படம், பொருள் வாங்கிய ரசீதுகள், அண்டை வீட்டாரின் சான்று ஆகியவற்றை இணைத்து மீண்டும் எழுதினோம். அதற்கும் செவிசாய்க்காததால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டோம். அங்கே கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் முறையிடல் வேண்டும். பெரும்பகுதித் தொகை கிடைத்தது. தையல் இயந்திரம் மீண்டும் ஓடுகிறது.

அன்புக் குடும்பத்தாரே, வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவுமுன் படமெடுத்து வையுங்கள். நமக்குரியதைக் கேட்க நாணவேண்டியதில்லை.