பதக்கமும் பிறந்த மண்ணும்

சிங்கப்பூரில் ஒலிம்பிக் பதக்கம் பற்றிய பேச்சு எழுந்தால், "அவர் இங்குப் பிறந்தவர்தாமா?" என்ற வினாவும் உடன் எழுந்துவிடுகிறது. உணவங்காடி மேசையிலும் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன்.

2008இல் பெய்ஜிங்கில் நம் மேசைப்பந்துப் பெண்கள் குழு வெள்ளிப் பதக்கம் வென்றது. 48 ஆண்டுக் காத்திருப்பு அன்றுதான் முடிந்தது. ஆயினும் பலரது மகிழ்ச்சி அரை மனத்தோடுதான் இருந்தது. லீ ஜியாவெய், ஃபெங் டியன்வெய், வாங் யுவெகு மூவரும் சீனாவில் பிறந்து, வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டத்தின்வழி இங்கு வந்து குடியுரிமை பெற்றவர்கள். 2010இல் மாஸ்கோவில் நடந்த உலகக் குழுப்போட்டியில் சீனாவையே 3-1 என நம் பெண்கள் குழு வீழ்த்தியபோதும், "சீனா சீனாவிடம் தோற்றது" என்று என் காதுபடவே ஒருவர் சிரித்தார்.

இவ்விடத்தில் பலர் மறந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. 1960இல் ரோமில் பளுதூக்கி நமக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத்தந்த டான் ஹாவ் லியாங் பிறந்ததும் சீனாவில்தான். 2024இல் அவர் மறைந்தபோது அவரை வெளிநாட்டவர் என்று எவரும் சொல்லவில்லை. சிறுவயதிலேயே வந்து இங்கேயே வளர்ந்தவர் அவர். ஆகவே மக்கள் உண்மையில் கேட்பது பிறப்பையன்று, "எங்களோடு வளர்ந்தாரா?" என்பதையே. பினாங்கில் பிறந்து, பதின்ம வயதில் நம் விளையாட்டுப் பள்ளிக்கு வந்து, 2021இல் பூப்பந்து உலக வெற்றியாளரான லோ கியன் இயூவை நாம் தயக்கமின்றி நம்மவர் என்கிறோம் அல்லவா?

இரு சாராரும் உருவாகும் விதமும் வேறு. சீனாவில் மேசைப்பந்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் குழந்தைக்கு மட்டையே முதற்பாடம். அங்கே போட்டி கடுமை. ஒலிம்பிக்கிற்கு ஒரு நாடு அனுப்பக்கூடியவர்களோ மிகச் சிலர். எஞ்சியோரில் சிலர் வேறு கொடியைத் தேடுகின்றனர். நம் பிள்ளைகளின் கதை வேறு. தொடக்கநிலை ஆறு வந்துவிட்டால் பந்து பைக்குள் போய்விடும். துணைப்பாட வகுப்பு மாலையை விழுங்கிவிடும். ஓடுவதில் ஆர்வமுள்ள மாணவர்கள் அவ்வாண்டில் மெல்ல ஒதுங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. இதைத் தாண்டி வந்தாலும், ஆண்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதையொட்டித் தேசிய சேவை காத்திருக்கிறது.

இங்குப் பிறந்த ஜோசப் ஸ்கூலிங் 2016இல் ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அதற்காக அவர் பதின்ம வயதிலேயே அமெரிக்கா சென்று பயில வேண்டியிருந்தது. பெற்றோர் பெரும்பொருள் செலவழித்தனர். தேசிய சேவையும் ஒத்திவைக்கப்பட்டது. மண்ணின் மைந்தர் என்று நாம் கொண்டாடியவர் நீந்திக் கற்றதில் பெரும்பகுதி அயல்நாட்டுக் குளங்களில்! பரிசாகக் கிடைத்த பத்து இலட்சம் வெள்ளியைப் பற்றி மட்டும் பலரும் பேசினர்.

ஆசிரியர் என்ற முறையில் எனக்கு நெருக்கமானவர் கனகசபை குணாளன். அவரும் ஆசிரியரே. 1968இல் மெக்சிகோவில் 100 மீட்டரை அவர் 10.38 வினாடியில் ஓடியது, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2001இல் யு.கே. ஷியாம் அதை முறியடித்தார். எவ்வளவு வேறுபாட்டில் தெரியுமா? ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு.