தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

மூன்று வாரத்துக்கு முன், பள்ளி விட்டு வந்த பேரன் நேரே குளியலறைக்குள் போய்க் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கெண்டைக்காலில் ஒரு கீறல், ரத்தம் கசிந்திருந்தது.

"தெருநாய் லேசா பிறாண்டிடுச்சு தாத்தா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

இதே வார்த்தையை நான் 1960-இல் கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். ழொசேஃப் மெய்ஸ்தர் கதையை எங்கள் முசே நடித்தே காட்டுவார். அல்சாஸ் பகுதிச் சிறுவன். அவனுக்கும் ஒன்பது வயதுதான். வெறிநாய் கடித்த மூன்றாம் நாள், 1885 ஜூலை 6 அன்று, பாரீசில் லூயி பஸ்தேரிடம் (நீங்கள் பாஸ்டர் என்பீர்கள்) அழைத்து வந்தார்கள். வெறிநோயில் செத்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியம் குறைத்து வைத்திருந்தார் அவர். பஸ்தேர் மருத்துவர் இல்லை, வேதியியல் படித்தவர். அதனால் ஊசி போட்டவர் கிராஞ்ஷே என்ற டாக்டர். மொத்தம் பதின்மூன்று ஊசி. போகப் போக வீரியம் கூடிய மருந்து. பையன் பிழைத்தான். பிற்காலத்தில் பஸ்தேர் நிறுவனத்திலேயே வாயிற்காவலராக இருந்தான்.

அதே வருஷம் எங்கள் தெருவில் ஒரு நாய் என்னையும் அடுத்த வீட்டுப் பையனையும் கடித்தது. எனக்குத் தொடையில் நல்ல காயம், மறைக்க முடியவில்லை. தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. வயிறு கல்லாக வீங்கிவிடும். அவனுக்குக் கையில் சின்னக் கீறல்தான். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல சொல்லிடாதடா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவன் தமிழ்ப் பள்ளி. மெய்ஸ்தர் கதை தெரிந்தவன் நான். சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தண்ணீரைக் கண்டாலே அவனுக்குத் தொண்டை இறுகியது. மூன்றாம் நாள் போய்விட்டான். அவன் அம்மா இருந்தவரை அந்த வாசலில் நான் நின்று பேசியதில்லை.

ஆட்டு மூளை மருந்தை நம் நாட்டில் நிறுத்த இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இப்போது வருவது ஆய்வகத்தில் செல்களில் வளர்த்துத் தயாரிப்பது. வயிற்றுப் பக்கமே போவதில்லை.

பேரன் காலைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவினேன். கழுவிக்கொண்டே மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி உடனடிப் பாதுகாப்புக்கு ஒரு மருந்து. இரண்டு தோளிலும் தோலுக்குள் துளித் துளியாகத் தடுப்பூசி. அதன் பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள்.

"சொல்லிட்டீங்கல்ல" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.