அழிந்தது 16 பைட்

அக்டோபர் 14, 2025. விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிந்தது. டிடிபி வேலைக்கு அவள் வைத்திருக்கும் லேப்டாப்பில் 11 ஏறாது. பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். சுறுசுறுப்பாகத்தான் ஓடுகிறது.

அக்டோபர் 17. சி டிரைவில் இருந்ததை நகல் எடுத்தாயிற்று. அந்த இடத்தைப் புதியவரான லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் லினக்ஸில் சி, டி என்ற எழுத்தே இல்லை. முழு டிஸ்க் எஸ்டிஏ; பாகங்கள் எஸ்டிஏ1, 2, 3, 4. கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முந்தியது சி-யாகத்தான் இருக்கும் என்று 3-ஐ அழித்தாள். போனது டி. அதில்தான் அப்பாவின் குரல் பதிவுகள், பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஸ்கேன்.

அக்டோபர் 18. லேப்டாப்பைத் திறக்கவில்லை.

அக்டோபர் 20. தீபாவளி. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 22. நாள் முழுக்கப் படிப்பு. அவள் லேப்டாப்பில் இருப்பது பழைய எம்பிஆர் முறை. அதில் டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். 446 பைட் கணினியைக் கிளப்பும் நிரலுக்கு, 64 பைட் பாக அட்டவணைக்கு, மிச்சம் 2 பைட் முத்திரை. அட்டவணையில் நான்கே வரி, வரிக்கு 16 பைட்: என்ன வகை, எங்கே தொடக்கம், எத்தனை செக்டார். ஐந்தாவது பாகம் வேண்டுமென்றால் ஒரு வரியை விட்டுக்கொடுத்து, அதற்குள் உட்பிரிவு போட வேண்டும். புதிய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 வரிகள், டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலும் உண்டு. இதில் நகல் கிடையாது.

பாகத்தின் எண் அட்டவணை வரியைத்தான் குறிக்கும். டிஸ்க்கில் பாகம் கிடக்கும் வரிசையை அல்ல. அவளுடையதில் 4 முன்னால், 3 பின்னால். தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 27. ஊரிலிருந்து அண்ணன் போன். வயலில் எல்லைக்கல் ஒன்றைக் காணோம், பொக்லைன் பெயர்த்திருக்கும். சர்வேயர் வந்து புலப்படத்தை விரித்து, பக்கத்துக் கற்களிலிருந்து அளந்து, ஓரிடத்தில் குச்சி நட்டாராம். போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அக்டோபர் 28. டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரல். கருப்புத் திரை, மௌஸுக்கு வேலையில்லை. பாகங்கள் விட்டுச்சென்ற அடையாளங்களைத் தேடி டிஸ்க்கைத் துழாவுகிறது. ஒரு வரி வந்தது. 'பி' விசையைத் தட்டினாள். கோப்புப் பெயர்கள் இறங்கின. 'அப்பா பொங்கல்' இருக்கிறது. அட்டவணையில் எழுதுவதுதான் பாக்கி. கை போகவில்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் நகலெடுக்க வேண்டும்.

நவம்பர் 1. வெளி ஹார்டு டிஸ்க் வந்தது. பென்டிரைவ் எஸ்டிபி, புதியது எஸ்டிசி. நகலெடுக்கும் டிடி கட்டளையில் 'இஃப்' எதிலிருந்து, 'ஆஃப்' எதற்கு. மாற்றிப் போட்டால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டி, மூன்று முறை ஒப்பிட்டுவிட்டு என்டர் தட்டினாள்.

இரவு 11 மணி. 61 ஜிபி.