எவ்ளோ தாங்கும்?

பொட்டி தட்டறவனைப் பாத்து எல்லாரும் கேக்கற கேள்வி, "சர்வர் எவ்ளோ தாங்கும்?" 2022 வரைக்கும் நானும் யோசிக்காம ஒரு நம்பரைச் சொல்லிட்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் ஒரு கல்லூரியோட ரேங்க் லிஸ்ட் பக்கம் நம்ம தலையில விழுந்துச்சு. காலைல 11 மணிக்கு வெளியாகும். பேரு இருந்தா மதியம் 2 மணிக்குள்ள அதுலயே சம்மதம் குடுக்கணும். காசு மிச்சம் பண்றேன்னு சின்னதா ஒரு வாடகை சர்வரை எடுத்தேன். அஞ்சு நிமிஷம் லோட் டெஸ்ட். செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட் அசால்ட்டா போச்சு. "தாங்குமாப்பா?"ன்னார் மேனேஜர். "80 தான் சார் வரும், ஜாலியா தாங்கும்"னேன்.

சொன்ன மாதிரியே 80 தான் வந்துச்சு. 50 நிமிஷம் சமத்தா ஓடுச்சு. அப்புறம் படுத்துருச்சு! கூட்டம் ஏறவும் இல்ல, நாங்க எதையும் மாத்தவும் இல்ல.

நடந்தது இதுதான். அந்த மாதிரி மலிவு சர்வர்ல சிபியூ முழுசா நமக்குக் கிடையாது. 20 சதவீதம்தான் நிரந்தரம். அதுக்கு மேல ஓட்டினா கிரெடிட் கரையும். ஒரு சிபியூ ஒரு நிமிஷம் முழு வேகத்துல ஓடினா 1 கிரெடிட். என்கிட்ட ரெண்டு சிபியூ. 80 சதவீதத்துல நிமிஷத்துக்கு 1.6 செலவு, 0.4 வரவு. கையில இருந்தது 60. வகுத்துப் பாருங்க, சரியா 50 நிமிஷம். அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல இது எங்க தெரியப்போகுது?

மிச்சத்தை ஜான் லிட்டில் 1961லயே நிரூபிச்சு வெச்சிட்டார். உள்ள இருக்கறவங்க எண்ணிக்கை = வர்ற வேகம் × ஒருத்தர் தங்கற நேரம். டீக்கடைக்கும் இதே கணக்குதான். நான் விட்டிருந்தது 30 வொர்க்கர். ஒரு ரிக்வெஸ்ட் 0.3 செகண்ட்ல முடிஞ்சா செகண்டுக்கு 100 போகும். சிபியூ அஞ்சுல ஒரு பங்கானதும் அதே வேலைக்கு 1.5 செகண்ட். அப்ப 20தான் போகும். வர்றது 80. செகண்டுக்கு 60 பேர் வாசல்ல தேங்கினா ஒரு நிமிஷத்துல 3600. பக்கம் வரலைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? ரெஃப்ரெஷ் அடிப்பான். பழைய ரிக்வெஸ்டும் வரிசையில நிக்கும், புதுசும் வந்து நிக்கும்.

அப்பதான் ஹெல்ப்லைன் அடிச்சுது. சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து ஒரு அப்பா. "தம்பி, எம்பொண்ணு பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." என்னால பாக்க முடியல. எங்க அட்மின் பக்கமும் அதே சர்வர்ல. "பத்து நிமிஷம் கழிச்சு கூப்புடுங்கய்யா"ன்னேன். மூணு தடவை கூப்ட்டார், மூணு தடவையும் அதையேதான் சொன்னேன்.

முழு சிபியூ தர்ற சர்வருக்கு மாத்தி, மாறவே போகாத லிஸ்ட்டை ஒவ்வொருத்தருக்கும் டேட்டாபேஸ்ல தேடாம முன்னாடியே பக்கமா எழுதி வெச்சு, எழுப்பும்போது மணி 1:40. மொத வேலையா அந்தப் பொண்ணு பேரைத் தேடினேன். இருந்துச்சு. அந்த நம்பருக்குப் போட்டேன். "அவங்க பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாங்களே சார்"னார் சென்டர்காரர்.

கெடுவை மறுநாளைக்குத் தள்ளி வெச்சாங்க. அது அவங்களுக்குத் தெரிஞ்சுதா, திரும்ப வந்தாங்களா... இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நூறு மீட்டர் மூச்சைப் பிடிச்சு ஓடறவனை எல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலம் போவான்னு நம்பக்கூடாது மக்கா. இப்பல்லாம் நிஜத்துல எத்தனை மணி நேரம் கூட்டம் நிக்குமோ, அதுக்கு மேல ஒரு மணி நேரம் சேத்து டெஸ்ட் ஓட விடறேன். கிரெடிட், மெமரி, லாக் எழுதற டிஸ்க்கு, எது மெதுவா கரையுதுன்னு பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன்.

"எவ்ளோ தாங்கும்?"னு யாராச்சும் கேட்டா, "எவ்ளோ நேரத்துக்கு?"ன்னு திருப்பிக் கேக்கறேன். ஓவரா சீன் போடறான்னு ஆபீஸ்ல பேச்சு. போட்டும் :-)