வெள்ளிக்கிழமைக் கூடம்

ஆசிரியர் ஒருவரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அவரிடம் பயின்றோரின் எண்ணிக்கையைக் கொண்டா, அவர் பணியாற்றிய கட்டடத்தின் உயரத்தைக் கொண்டா, அவர் பெயருக்குப் பின்னே நிற்கும் பட்டங்களைக் கொண்டா? இக்கேள்வி எல்லா ஊருக்கும் உரியதுதான். எனினும் கூலாய் போன்ற ஊரில் வாழும் தமிழாசிரியருக்கு அது ஏட்டுக் கேள்வியன்று; நாள்தோறும் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போது எதிரே வந்து நிற்கும் கேள்வியாகும்.

ஜொகூர்பாருவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கூலாய், ஒரு காலத்தில் ரப்பர் மரங்களுக்கும் செம்பனை மரங்களுக்கும் இடையே பிறந்து வளர்ந்த ஊர். 2008-ஆம் ஆண்டில் அது தனி மாவட்டமாயிற்று. மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டம் கலையும்போது தொழிலாளர் குடும்பங்கள் கலைகின்றன. குடும்பங்கள் கலையும்போது தோட்டப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைகின்றன. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியை மலேசியக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகின்றது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டுமே அமர்ந்திருக்கும் வகுப்பில் நின்று பாடம் சொல்லும் ஆசிரியரின் உள்ளத்தில், ‘இத்தனை சிலருக்காகவா இத்தனை உழைப்பு?’ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயத்திற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை விடை கூறுகின்றது. அவர் பள்ளிக்கூட ஆசிரியரல்லர். கல்லூரியில் பாடம் நடத்தியவருமல்லர். சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து வீணை வாசித்தார், சிலருக்குக் கற்பித்தார். அவரே வீணை தனம்மாள்.

தனம்மாள் 1867-இல் பிறந்தார். தஞ்சை அரசவையில் கலை வளர்த்த பாப்பம்மாளின் வழியில் வந்த குடும்பம் அவருடையது. பாட்டியார் காமாட்சி ஆடலிலும் பாடலிலும் தேர்ந்தவர். தாயார் சுந்தரம்மாள் பாடகர். தாய்வழியாகவே கலை இறங்கி வந்த அக்குடும்பத்தில் இசை என்பது தனியே கற்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை. வீட்டில் பேசும் மொழியாகவே இருந்தது. இளமையில் தனம்மாளும் தங்கை ரூபவதியும் சேர்ந்து பாடுவர். தம்பி நாராயணசாமி வயலின் வாசிப்பார்.

அவருடைய ஆசிரியர்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சாமா சாஸ்திரியின் மரபில் வந்த அண்ணாசாமி சாஸ்திரியிடம் அம்மரபின் கீர்த்தனைகளைக் கற்றார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் கற்றார். க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் கற்றார். பதங்களில் அவருக்கிருந்த புலமையால் மக்கள் அவரைப் ‘பதம் பாலதாஸ்’ என்றே அழைத்தனர். அவர் கண்பார்வை அற்றவர். ஒரே ஆசிரியரிடம் எல்லாம் கற்றுவிடலாம் என்று தனம்மாள் எண்ணவில்லை. எது எங்கே தூய்மையாக இருந்ததோ அங்கே சென்று அதைப் பெற்றார். நல்ல ஆசிரியராவதற்கு முன் நல்ல மாணவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் கையிலிருந்த கருவியைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆயது. அதன் தண்டியின் மேல் மெழுகில் 24 மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்பதற்கு நான்கு தந்திகளும், பக்கவாட்டில் சுருதிக்கும் தாளத்திற்கும் மூன்று தந்திகளும் உண்டு. மேலைநாட்டுப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் பிறக்கும். அச்சுரம் பிறந்த நிலையிலேயே மெல்ல ஓய்ந்துவிடும். வீணையிலோ, தந்தியை மெட்டின்மேல் இழுக்க இழுக்க ஒரே மெட்டில் பல சுரங்கள் எழும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்து செல்லும் பாதை முழுவதும் காதில் விழும். அவ்வளைவே கமகம், தென்னிந்திய இசையின் உயிர் அதில்தான் இருக்கின்றது.

விரலில் கம்பி மாட்டிக்கொண்டு வீணையை மீட்டுவோர் உண்டு. அதனால் ஒலி உரத்து எழும். தனம்மாள் வெறும் விரல் நகத்தாலேயே மீட்டினார். ஒலி மிக மென்மையாக எழுந்தது. வீணையோடு தம் குரலையும் இழையவிட்டுப் பாடினார். எது தந்தியின் ஒலி, எது குரலின் ஒலி என்று பிரித்தறிய முடியாத அளவிற்கு இரண்டும் ஒன்றின. இத்தகைய இசையைப் பெருங்கூட்டத்தின் நடுவே வைத்துக் கேட்க இயலாது. கேட்போர் அருகில் இருக்க வேண்டும். அமைதியாக இருக்க வேண்டும்.

அதற்கென அமைந்தவையே அவர் வீட்டு வெள்ளிக்கிழமை மாலைகள். வெள்ளிதோறும் மாலையில் தனம்மாள் தம் வீட்டுக் கூடத்தில் வாசிப்பார். நுழைவுச் சீட்டு இல்லை, மேடை இல்லை. இசை தெரிந்தவர்கள் வந்து தரையில் அமர்வார்கள். வித்துவான்களும் அங்கே மாணவரைப் போல வந்து கேட்டார்கள். பேச்சுக்கும் சலசலப்புக்கும் அங்கே இடமில்லை. கைதட்டலை நாடாத அந்தக் கூடம், கேட்பது எப்படி என்பதைக் கற்பித்தது. வாசிக்கத் தெரிந்தவரை உருவாக்குவது ஒரு கல்வியென்றால், கேட்கத் தெரிந்தவரை உருவாக்குவது அதனினும் அரிய கல்வியன்றோ?

இவ்வளவு உயர்ந்த கலைக்கு உலகம் அளித்த கைம்மாறு என்ன? தனம்மாள் பிறந்த குலம் தேவதாசிக் குலம். பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான குரல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. 1927 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் அதை வலுவாக எடுத்துரைத்தார். 1947-இல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. சிறுமியரின் வாழ்வைக் காத்த அச்சீர்திருத்தம் வேண்டியதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தீய வழக்கத்தைப் பழித்த நாக்கு, அக்குலத்துப் பெண்களின் அறிவையும் சேர்த்தே பழித்துவிட்டது. நூறாண்டுகளாக இசையையும் நாட்டியத்தையும் காத்துத் தந்தவர்கள் அவற்றைச் சொந்தம் கொண்டாடக் கூசும் நிலை உண்டாயிற்று. அவர்களிடமிருந்த பாட்டு வேண்டியிருந்தது, பாடியவர்கள் வேண்டாதவர்களானார்கள்.

தனம்மாளின் இல்வாழ்வும் எளிதாக இருக்கவில்லை. குடும்பம் பெரிது, பணத் தட்டுப்பாடு பலமுறை வந்தது. பிற்காலத்தில், தமக்குப் பதங்களைக் கற்பித்த ஆசிரியரைப் போலவே, அவரும் கண்பார்வையை இழந்தார். இருப்பினும் வீணை நின்றதில்லை. காதாலும் விரலாலும் கற்ற கலையைக் கண்ணின் இழப்பு என்ன செய்யும்? பணத்திற்காகத் தம் இசையை மலிவாக்கிக் கொள்ளவும் அவர் இசையவில்லை. முதுமையில் கொலம்பியா நிறுவனத்திற்காக அவர் வாசித்த இசைத்தட்டுகள் சில உள்ளன. ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடங்களே கொண்ட அத்தட்டுகளில், விரிந்த ஓர் இராகத்தைச் சுருக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அச்சிறிய இடத்திலும் அவசரம் தெரியாமல் வாசித்த அந்தக் கையை இன்றும் கேட்கலாம்.

இனி, அவர் கற்பித்த முறைக்கு வருவோம். அவர் வாழ்ந்த காலத்திலேயே இசையை எழுத்தில் பதியும் முயற்சிகள் நடந்தன. 1890-களில் சின்னசாமி முதலியார் தென்னிந்தியக் கீர்த்தனைகளை மேலைநாட்டு இசைக்குறியீட்டில் அச்சிட்டார். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. 1917-இல் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. இவையெல்லாம் தமிழுலகம் நன்றியோடு நினைக்க வேண்டிய உழைப்புகள். ஆயினும் கமகத்தின் வளைவை முழுவதும் எழுத்தால் காட்டிவிட முடியாது. தனம்மாளின் இல்லத்தில் பாடம் காதின் வழியாகவே சென்றது. ஆசிரியர் பாட, மாணவர் கேட்பார். மீண்டும் பாட, மீண்டும் கேட்பார். பாட்டு உள்ளே ஊறிய பின்னரே அது மாணவரின் குரலில் வெளிப்படும். இவ்வாறு கற்பிக்க நெடுநாள் வேண்டும், பொறுமை வேண்டும், ஆகவே மாணவர் சிலராகவே இருத்தல் வேண்டும்.

இதில் குறையே இல்லையா எனின், உண்டு. ஒரு குடும்பத்திலும் அதைச் சூழ்ந்த சிலரிடத்தும் மட்டுமே அடங்கிய கல்வி, அவர்கள் மறந்தால் மறைந்துபோகும். எழுதாத பாட்டுக்கு வேறு காவல் இல்லை. அந்தக் கூடத்திற்குள் நுழையும் வாய்ப்பே பெறாத எத்தனையோ பேர் வெளியே இருந்தனர் என்பதும் உண்மை. பள்ளிக்கூடம் என்னும் பொது அமைப்பின் அருமை இங்கேதான் விளங்குகின்றது. பலருக்குத் திறந்திருக்கும் கதவும் வேண்டும். சிலருக்கே வாய்க்கும் ஆழமும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்குப் பகையன்று.

1938 அக்டோபர் 15-ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். அவரோடு அந்த வெள்ளிக்கிழமை மாலைகளும் முடிந்தன. ஆனால் பாடம் முடியவில்லை.

மகள் ஜெயம்மாள் பாடகராகத் திகழ்ந்தார். அவருடைய மகள் பாலசரசுவதி, ஏழு வயதில் 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். நாட்டியம் பழிக்கப்பட்ட காலத்தில் ஆடத் தொடங்கிய அச்சிறுமி, பிற்காலத்தில் தோக்கியோவிலும் எடின்பரோவிலும் அமெரிக்காவிலும் ஆடினார். பதத்தைத் தாமே பாடிக்கொண்டு அவர் அபிநயம் பிடித்தபோது, பாட்டியின் கூடத்து இசையே அவர் முகத்திலும் கையிலும் பொருள் பெற்றது. 1973-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது; 1976-இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அவருடைய தம்பியர் இருவரும், மிருதங்கம் வாசித்த ரங்கநாதனும் புல்லாங்குழல் வாசித்த விசுவநாதனும், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக விளங்கினர்.

மற்றொரு மகள் காமாட்சியின் பெண்களான பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடி, பதங்களையும் ஜாவளிகளையும் வழுவாமல் காத்தனர். பாட்டியிடம் கேட்டதை மாற்றாமல் கொடுப்பதே தம் கடன் என்று வாழ்ந்த பிருந்தா, 1976-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவரிடம் கற்க வந்தவர்களுள் மேடைகளில் ஏற்கெனவே புகழ்பெற்றவர்களும் இருந்தனர். ஒரு காலத்தில் எந்தக் குலத்தின் பெயரைச் சொல்லிச் சமூகம் முகஞ்சுளித்ததோ, அக்குலத்துப் பெண்ணிடம் பாட்டுக் கேட்க மாணவர்கள் தேடி வந்தனர். 2010-இல் இந்திய அஞ்சல்துறை தனம்மாளுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. வாழ்ந்தபோது அவரைத் தேடிச் சிலரே சென்றனர். மறைந்து எழுபதாண்டுகளுக்குப் பின் அவர் முகம் நாடெங்கும் சென்றது.

அந்தக் கூடத்தில் அமர்ந்து கற்றவர்களைக் கணக்கெடுத்தால், இன்றைய கணக்கின்படி அதுவும் ஒரு ‘குறைந்த மாணவர் பள்ளி’யே. மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்திருந்தால், மூடிவிடலாம் என்றே குறிப்பெழுதியிருப்பார். ஆனால் அந்தச் சிலர் பெற்றது சிறிதன்று. ஆசிரியர் தமக்குத் தெரிந்ததை அரைகுறையாக்காமல், எளிமை என்னும் பெயரால் சுருக்காமல், முழுவதுமாகக் கொடுத்தார். அவர்களும் அதை முழுவதுமாகப் பெற்றனர். அதனால்தான் அது கடல் கடந்தும் கெடாமல் சென்றது.

கூலாயில் பள்ளிநேரம் முடிந்த பின்பும் இரண்டு மூன்று பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ழகரத்தையும் ளகரத்தையும் லகரத்தையும் பிரித்துச் சொல்லித் திருத்தும் ஆசிரியர் இருக்கக்கூடும். பிள்ளை பிழையாகச் சொல்லும். ஆசிரியர் மீண்டும் சொல்லிக் காட்டுவார். பிள்ளை மீண்டும் முயலும். வெளியே நெடுஞ்சாலையில் வண்டிகள் விரையும். உள்ளே ஓர் எழுத்து மெல்ல மெல்லத் தன் ஒலியைப் பெறும். அந்தப் பாடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதற்குக் கைதட்டலும் இல்லை. இருந்தாலும் எந்தப் பிள்ளையின் நாவில் அவ்வொலி தங்கும், அது எந்த ஊருக்குப் போகும், யாருக்குக் கற்பிக்கும் என்பதை யார் கணக்கிட்டுச் சொல்ல முடியும்? ஜார்ஜ் டவுன் கூடத்தில் வீணைக்குச் சுருதி கூட்டிய முதியவரும் அக்கணக்கைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, விளக்கேற்றினர், வந்தவர்களுக்கு அவர் வாசித்தார்.