நூறு கோடியில் ஒரு பங்கு



"ஒரு விநாடியில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி அளப்பவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தச் சிறு பங்குக்கு நானோ விநாடி என்று பெயர். ஒளிகூட அதற்குள் 30 சென்டிமீட்டர்தான் செல்லும்.

உதகமண்டலத்தில் 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் உள்ளது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள் காற்றில் மோதி, எண்ணற்ற துகள்களாகப் பெருகி, தட்டையான படலமாக மழைபோல் இறங்குகிறது. அதைப் பிடிக்க 8 மீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 400 கருவிகள் உள்ளன. துகள் பட்டதும் கருவியிலுள்ள பிளாஸ்டிக் பலகை மினுக்கென்று ஒளிவிடும். அவ்வொளி மின்துடிப்பாக மாறி, வந்த நேரம் பதிவாகும்.

வெள்ளாற்றின் அக்கரையில் திட்டக்குடியை நனைத்துவிட்டுப் பிறகு எங்கள் லப்பைக்குடிக்காட்டுக்கு மழை வருவதுண்டு. எங்கே முதலில் பெய்தது என்று தெரிந்தால், மழை வந்த திசையைச் சொல்லிவிடலாம் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். துகள் மழை செங்குத்தாக வந்தால் எல்லாக் கருவிகளும் ஒன்றாக மினுக்கும். 30 பாகை சாய்ந்து வந்தால், அந்தச் சாய்வின் வழியே அடுத்தடுத்துள்ள இரு கருவிகளுக்கிடையே சுமார் 13 நானோ விநாடி வேறுபடும். அந்த வேறுபாடே வானில் வந்த திசையைக் காட்டிக் கொடுக்கிறது. என்னே விந்தை!

இதை அப்பாயியிடம் சொன்னேன். "இத அளந்து யாருக்கும்மா சோறு போடப் போறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்குக் கிடைத்த விடை இது: 2014 டிசம்பர் 1 அன்று உதகையில் இடியுடன் மழை பெய்தபோது, அங்குள்ள மற்றொரு கருவித் தொகுதியில் மியூவான் என்னும் துகள்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. அதை வைத்தே அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணித்து, 2019-இல் வெளியிட்டார்கள். மழைக்காலம் வந்தால், வயலில் நின்றவர்களை மின்னல் தாக்கிய செய்தி வராத ஆண்டில்லை. அந்த மேகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிவது வீண் வேலையாகுமா?

அப்பாயி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீயும் அதையே படி" என்றார். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று வீட்டில் நடந்த பேச்சு அத்துடன் முடிந்தது. அறிவியல் பிரிவில் சேர்ந்து, இயற்பியலைக் கருத்தூன்றிக் கற்க ஆண்டவர் அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி